அந்தக் கம்பியை அறுக்க வேண்டாம்

ஆண்டர்சன்பேட்டைக்கு அப்பால் நாம் கட்டித்தந்த வீடுகளைப் பார்வையிட்டு வந்த நீங்கள், அவற்றுள் ஒன்றைப் பற்றி எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தீர்கள். அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஓர் எஃகுக் கம்பி இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றிப் பூச்சில் மயிரிழை வெடிப்பு விட்டிருக்கிறது. கம்பியை அறுத்து, வெடிப்பை அடைத்து, வெள்ளையடித்துவிடலாமா என்பது கேள்வி. நம் விதிக்கு மாறாக அவ்விரு வீடுகளுக்கும் ஒரே சுவர் இருப்பது ஏன் என்றும் கீழே ஒரு வரி சேர்த்திருந்தீர்கள்.

முதற்கேள்விக்கு விடை: வேண்டாம். ஆயினும், பொறுப்பை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்ட ஒருவன் காரணம் கூறாமல் கட்டளை மட்டும் இடுவது முறையன்று. ஆதலால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கடைக்கால் எடுப்பதும் கலவை கலப்பதும் மேஸ்திரி வெங்கடேஷிடம் நீங்கள் கற்றுக்கொள்ளக்கூடியவை. நான் எழுதப்போவது, வேலை நின்றுபோன ஒரு முற்பகலைப் பற்றி.

லைன் வீடுகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளருக்காகக் கட்டப்பட்ட அவ்வரிசைகளில் கூரை ஒன்றே நீளமாக ஓடும். இரண்டு வீட்டுக்கு இடையில் ஒரு சுவர்தான் இருக்கும். வட ஆர்க்காட்டிலிருந்து வந்து சுரங்கத்தில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அவற்றில் வாழ்கிறார்கள். ஆந்திர எல்லையும் தமிழக எல்லையும் பக்கத்திலேயே இருக்கின்றன. வேலை மட்டும் பெங்களூரில் இருக்கிறது. விடியுமுன் புறப்படும் ரயிலில் பாதி ஊர் ஏறிப் போய், இருட்டிய பிறகு திரும்பி வருகிறது.

செல்வி அந்த ரயிலில் போகிறவர்களில் ஒருவர். கணவரை இழந்தவர். மகள் வேலூரில் செவிலியர் படிப்புப் படிக்கிறாள். பெங்களூரில் ஓர் அலுவலகக் கட்டடத்தைத் துப்புரவு செய்யும் வேலை அவருக்கு. மழை பெய்தால் அவர் வீட்டுக்குள் நனையாத இடம் அடுப்புமேடை ஒன்றுதான் என்பதை நானே பார்த்திருக்கிறேன். நம் திருச்சபைக் குழு அவருக்கு வீடு கட்டித்தர முடிவு செய்ததும், மனுவைச் சரிபார்க்க நான் சென்றேன். பேச்சு சுவரில் வந்து நின்றது.

“நாலு செவுரும் எனக்கே இருக்கட்டும் சார். பக்கத்தூட்டு ஆளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கெடையாது.”

“என்ன சண்டையம்மா?”

“இன்னாத்துக்கு சார் அந்தக் கதை? நட்டநடுத் தெருவுல என்னெ நிக்க வெச்சித் திட்டுன மனுசன். ரெண்டு வருசமாச்சி. அவரு மூஞ்சியக்கூட நான் பாக்கறதில்ல.”

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் முனுசாமி. சுரங்கத்தில் பாறை துளைத்து ஓய்வு பெற்றவர். பாறைத்தூள் நெஞ்சில் தங்கிவிட்டதால் இருமல் அவரை விட்டு நீங்குவதில்லை. மனைவி இறந்துவிட்டார், மகன் பெங்களூரில் இருக்கிறான். தனி ஆள். நாங்கள் வேலை தொடங்கிய நாள்முதல், ஒவ்வொரு காலையும் எங்கள் ஜெபம் முடிகிற இடத்தில் சுவருக்கு அப்பாலிருந்து ஓர் இருமல் எழும். பெங்களூரிலிருந்து விடுமுறை நாள்களில் வரும் தன்னார்வலரான டெய்சி, “அங்கிள், நம்ம ஜெபத்துக்கு அவர்தான் ஆமென் சொல்றார்” என்று சிரிப்பாள்.

இனி, விதியைப் பற்றி. நம் குழுவைத் தொடங்கிய ஃபாதர், தொடக்க காலத்திலேயே ஒரு விதியை ஏற்படுத்தினார். நாம் கட்டும் ஒவ்வொரு வீடும் தன் சொந்த நான்கு சுவர்களில் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். பொதுச்சுவர் ஒன்றினால் அண்ணன் தம்பி இருவர் வழக்காடி, நாம் கட்டிய வீடே பூட்டிக்கிடந்ததைக் கண்டபின் அவர் ஏற்படுத்திய விதி அது. நல்ல விதி. இன்றும் அதை நல்ல விதி என்றே சொல்வேன்.

செல்வியின் விருப்பமும் விதியும் ஒத்துப்போயின. நடுவிலிருந்த பழைய மண்சாந்துச் சுவர் முனுசாமி பக்கமாகச் சாய்ந்திருந்தது. புதிய கூரையை அது தாங்காது. அதை இடித்துவிட்டுச் செல்விக்கு ஒரு சுவர், முனுசாமிக்கு ஒரு சுவர், நடுவே இடைவெளி என்று வரைபடம் தயாராயிற்று. ஒருவரையொருவர் வெறுக்கும் இருவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்று நான் மனநிறைவு கொண்டேன்.

சுவரை இடிக்கக் குறித்த நாளில் பெங்களூர்ப் பங்குக் கோயிலிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள்கள் வந்தார்கள். செல்வியும் விடுப்பு எடுத்திருந்தார். அவர் வீட்டுக் கூரையை முந்தின நாளே பிரித்துவிட்டோம். முனுசாமியின் கூரைக்கு மரத்தூண்களை முட்டுக் கொடுத்திருந்தோம். பங்காருபேட்டைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வெங்கடேஷ் மேலே ஏறி, சுத்தியலால் சுவரின் உச்சியில் நாலைந்து அடி அடித்தார். ஒரு கல் பெயர்ந்து விழுந்தது.

“நிறுத்து மேஸ்திரி!” என்று செல்வி ஓடிவந்தார். சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டார். “ஒடைக்க வாணாம்.”

வெங்கடேஷ் சுத்தியலைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். “ஏனு மாடோது, என்ன பண்றது சார்? மழை வேற வருது.”

நான் செல்வியிடம் காரணம் கேட்டேன். சொல்லவில்லை. சுவர் சாய்ந்திருப்பதையும், அது விழுந்தால் முனுசாமியின் படுக்கைமேல்தான் விழும் என்பதையும் எடுத்துரைத்தேன். தலையை ஆட்டினாரேயன்றி எழுந்திருக்கவில்லை. எங்கள் குழுச் செயலாளர் தொலைபேசியில் கண்டிப்பாகப் பேசினார். வரைபடத்தை ஏற்காவிட்டால் இந்த ஒதுக்கீடு பூதிகோட்டையில் காத்திருக்கும் குடும்பத்துக்குப் போய்விடும்; ஆள்களையும் பொருள்களையும் வீணாக நிறுத்திவைக்க முடியாது; நண்பகலுக்குள் முடிவு சொல்லுங்கள் என்றார். அவர் கூறியதில் தவறில்லை. பூதிகோட்டைக் குடும்பமும் மழையில் நனைகிற குடும்பந்தான். ஆனால் செல்விக்கு அப்போது தலைக்குமேல் கூரையே இல்லை. நாங்கள்தாம் பிரித்துப் போட்டிருந்தோம்.

டெய்சி என்னைத் தனியே அழைத்தாள். “அங்கிள், நாம காலைல ஜெபம் பண்றது அவங்களுக்குக் கஷ்டமா இருக்குமோ? மதம் மாத்திடுவாங்கன்னு யாராவது சொல்லியிருப்பாங்களோ?”

எனக்கும் அந்த ஐயம் எழாமல் இல்லை. வந்தவர்களில் ஒருவர், சுவரில் ஏதேனும் சாமி மாடம் இருக்கும் என்றார். இன்னொருவர், சுவருக்குள் நகை புதைத்திருப்பார்கள் என்றார். காரணம் தெரியாத நேரத்தில் மனிதர் கற்பிக்கும் காரணங்கள் இவ்வளவு விரைவாகப் பெருகுவதை அன்று கண்டேன். எல்லாரையும் கடைத்தெருவுக்குத் தேநீர் குடிக்க அனுப்பினேன். செயலாளர் கொடுத்த நேரத்தில் ஒரு பகுதியை அவ்வாறு செலவிட்டது அப்போது மற்றவர்களுக்குச் சோம்பலாகவே தோன்றியிருக்கும். நானும் செல்விக்குப் பக்கத்தில், அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். இருவரும் பேசவில்லை.

சுத்தியல் ஓசை நின்று சிறிது நேரமாயிற்று. அப்போது எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஓர் ஓசை கேட்டது. டக், டக். இரண்டு தட்டு.

செல்வி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை தானாகப் பின்னே போயிற்று. விரல் முட்டியால் சுவரை இரண்டு முறை தட்டினார். தட்டிய பிறகுதான் நான் பக்கத்தில் இருப்பது அவருக்கு நினைவு வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பேச்சுவார்த்தை கிடையாது என்றீர்களே அம்மா?”

“பேச்சு கெடையாதுதான் சார். இது பேச்சா?”

அதன் பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சுரங்கத்துக்குள் பாறை சரிந்து வழி அடைபட்டால், உள்ளே சிக்கியவர்கள் காற்றுக்குழாயைத் தட்டுவார்களாம். வெளியில் நிற்பவர்களுக்கு அந்த ஓசை ஒன்றே செய்தி: உயிரோடு இருக்கிறோம். முனுசாமியின் மனைவி இறந்தபின், செல்விதான் இந்த ஏற்பாட்டைத் தொடங்கினார். விடிகாலை ரயிலுக்குப் புறப்படும்போது அவர் சுவரைத் தட்டுவார். முனுசாமி இரண்டு தட்டுத் தட்டுவார். அதைக் கேட்டபிறகே செல்வி கதவைப் பூட்டுவார்.

“ஒரு நாளு தட்டறேன், பதிலே இல்ல சார். மறுபடி தட்டறேன், மாமா மாமான்னு கத்தறேன். இல்ல. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ரெண்டு பசங்களக் கூப்ட்டு அவரு கதவெ ஒடைச்சிட்டேன். லைனே கூடிப்போச்சி. பொம்பளைங்க அழ ஆரம்பிச்சிட்டாங்க. பாத்தா, மனுசன் பின்பக்கத்தால சொம்பு எடுத்துக்கினு வெளிய போய்ட்டு, அந்தப் பக்கத்துலேர்ந்து நடந்து வர்றாரு!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது.

“‘உசுரோட கீறவனுக்கு ஒப்பாரியா வெக்கிறீங்க? என் கதவெ ஒடைக்க நீ யாரு மே?’ன்னு லைன் பூரா கேக்கற மாதிரி திட்டுனாரு. நானும் வுடல. அன்னிக்கி நின்னுபோச்சி பேச்சு. ஆனா மறுநாளு பழக்கத்துல தட்டிட்டேன் சார். பதில் வந்திச்சி. முன்னெல்லாம் மெதுவாத் தட்டுவாரு. இப்ப கோவத்துல ஓங்கித் தட்டுறாரு.”

பின்னாலிருந்த சுவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “நடுவுல சந்து வுட்டு ரெண்டு செவுரு வெச்சிட்டீங்கன்னா, அவரு கீறாரா இல்லையான்னு எனக்கு எப்டி சார் தெரியும்?” என்றார்.

மனுவைச் சரிபார்க்கச் சென்றபோது அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. கேட்டதற்கு உண்மையான பதிலைத்தான் சொன்னார். சுவர் யாருக்கு வேண்டும் என்று நான் கேட்டேன். அந்தச் சுவரினால் அங்கே என்ன நடக்கிறது என்று கேட்க நம் மனுப்படிவத்தில் இடமே இல்லை. அத்துடன், கோபமாயிருக்கும் ஒருவருக்குத் தன் அக்கறையை அந்நியனிடம் ஒப்புக்கொள்வது எளிதன்று. வீட்டை இழந்தாலும் இழக்கலாம், அதை வாய்விட்டுச் சொல்வதில்லை என்று அவர் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புத்தான்.

நண்பகலுக்கு அதிக நேரமில்லை. பழைய சுவர் நிற்காது. அதை இடித்தே ஆகவேண்டும். மாற்றாக ஒரே புதிய பொதுச்சுவரை எழுப்பலாம். அது விதிக்கு மாறு. மூப்பின் காரணமாக ஓய்வில்லத்தில் இருந்த ஃபாதரைத் தொலைபேசியில் அழைத்தேன். நடந்ததைச் சொல்லி, உங்கள் விதியை மீறலாமா என்று கேட்டேன்.

“விதிய எதுக்குப் போட்டேன்?” என்றார்.

“சண்டை வரக்கூடாது என்பதற்காக.”

“அதான். சண்டையால பிரிஞ்சி பூட்றவங்களுக்குப் போட்டது. சண்டை போட்டுக்கினே ஒண்ணா கீறவங்களுக்கு நான் ஒண்ணும் எழுதலப்பா. அத்தெ நீதான் பாத்துக்கணும்.” தொலைபேசியை வைத்துவிட்டார். அனுமதி கொடுத்தாரா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியாது. பொறுப்பு என்னுடையது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. செயலாளரிடம், பொதுச்சுவராகக் கட்டுகிறேன், பின்னால் வழக்கு வந்தால் பதில் நான் சொல்கிறேன் என்றேன். பக்கத்து வீட்டுக்காரரின் ஒப்புதல் இருந்தால் கட்டுங்கள் என்றார் அவர்.

இங்கேதான் புதிய சிக்கல். ஒப்புதல் தரவேண்டியவர் முனுசாமி. அவரோ செல்வியோடு பேசமாட்டார். இரண்டு வாசற்படிகளுக்கும் நடுவே நான் நின்றுகொண்டேன். முனுசாமி தம் வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். செல்வி தம் வாசலில், முகத்தைத் தெருப்பக்கம் திருப்பி நின்றார். இருவருக்கும் இடையே நாலடி தூரம்கூட இல்லை.

“சார், அவராண்ட கேளுங்க. பொதுச் செவுரா வெச்சா ஒத்துக்குவாரான்னு.”

நான் வாய் திறப்பதற்குள் முனுசாமி, “ஓவர்சியரே, அந்தம்மாவாண்ட சொல்லுங்க. நாளைக்கி செவுரு என்துன்னு கோர்ட்டுக்குப் போவாதான்னு கேளுங்க” என்றார்.

“போவமாட்டேன்னு சொல்லுங்க சார். ஆனா அவரு ஆணி அடிக்கறேன், காலண்டர் மாட்றேன்னு என் பக்கத்துப் பூச்ச உதிர வெக்கக்கூடாது, அத்தெயும் சொல்லுங்க.”

“நான் எங்க காலண்டர் மாட்டணும்னு அந்தம்மா சொல்லணுமா? கதவெதான் ஒடைச்சாங்க. இப்ப காலண்டருமா?”

“கதவு கதவுன்றாரே! ஒரு தட்டு தட்டிட்டு வெளிய போய்க்கினா, யாரு கதவெ ஒடைக்கப் போறாங்கன்னு கேளுங்க சார்!”

முனுசாமிக்கு இருமல் வந்துவிட்டது. நெடுநேரம் நீடித்தது. செல்வி தெருவைப் பார்த்தபடியே, கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை என்னிடம் நீட்டினார். நான் வாங்கி அவரிடம் கொடுத்தேன். குடித்து முடித்து, மூச்சை ஒழுங்குபடுத்திக்கொண்டு, “ஒரே செவுரா வெச்சிக்கட்டும்” என்றார் முனுசாமி. “அந்தம்மாவுக்கோசரம் இல்ல. ரெண்டு செவுரு வெச்சா நடுவுல எலி பூந்துக்கும்.”

அன்று மாலைக்குள் பழைய சுவரை இறக்கித் தார்ப்பாயால் மூடினோம். இரவு மழை வெளுத்து வாங்கியது. செல்வி, லைனின் கோடியில் இருந்த அக்கா வீட்டில் தங்கினார். முனுசாமி, தார்ப்பாய் மறைப்புக்குப் பின்னால் தம் கட்டிலைவிட்டு நகர மறுத்துவிட்டார்.

அதன்பின் சுவர் எழும்பியது. அது இடுப்பளவு வந்தபோது ஒரு நாள், புதிதாக வைத்த கல்வரிசையின் மேல், குறுக்கே ஒரு கனத்த எஃகுக் கம்பி கிடந்தது. பாறையில் துளையிடும் கம்பி; முனை மழுங்கியது. வேலையிடத்தில் கிடக்கும் குப்பை என்று எண்ணி டெய்சி அதை எடுத்து ஓரமாகப் போட்டாள். உணவு முடிந்து வந்தால், கம்பி மீண்டும் அதே இடத்தில் கிடந்தது. மறுபடியும் எடுத்துப் போட்டாள். மூன்றாவது முறை அவள் கை நீட்டியபோது, சுவருக்கு அப்பால் குனிந்து உட்கார்ந்திருந்த முனுசாமி தலையை நிமிர்த்தினார்.

“இன்னொரு வாட்டி எடுத்தீன்னா கைய ஒடைச்சிடுவேன் கண்ணு.”

“தாத்தா, இது எதுக்கு இங்க?”

அவர் புதிய சுவரின் கல்லை விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். மந்தமாக, ஓசையற்று இருந்தது. பிறகு கம்பியின் நுனியை ஒரு சிறு கல்லால் தட்டினார். மறுநுனியைப் பிடித்திருந்த டெய்சி அதிர்வு தாங்காமல் கையை உதறினாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் வெங்கடேஷைப் பார்த்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் கம்பியைச் சுற்றிக் கலவையைப் போட்டு, அடுத்த கல்லை வைத்தார். செல்வி அன்று வேலைக்குப் போயிருந்தார். மாலையில் வந்து கம்பியைப் பார்த்தவர், அதன்மேல் சிந்தியிருந்த கலவையைத் தம் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

வீடு முடிந்தது. குடிபுகும் நாளில் பங்குத்தந்தை ஜெபம் செய்தார். செல்வி தம் வழக்கப்படி கற்பூரம் ஏற்றிப் பால் காய்ச்சினார். ஒன்று மற்றொன்றுக்கு இடைஞ்சலாக இருக்கவில்லை. முனுசாமி வரவில்லை. அழைத்தீர்களா என்று கேட்டேன். “தெரியாதா அவருக்கு? பக்கத்துலதான கீறாரு” என்று சொல்லிவிட்டு, ஒரு தம்ளர் பாலை டெய்சியிடம் கொடுத்து அனுப்பினார். காலித் தம்ளர் கழுவித் திரும்பி வந்தது. சொல் ஒன்றும் வரவில்லை.

மறுநாள் நானும் அதே விடிகாலை ரயிலில் பெங்களூர் போகவேண்டியிருந்தது. செல்வியோடு சேர்ந்து நிலையத்துக்குப் போகலாம் என்று அவர் வாசலில் நின்றேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வீட்டுச் சாவியால் கம்பியின் நுனியைத் தட்டினார். மணி அடித்தாற்போல் கணீரென்று ஒலித்தது. பதில் இல்லை. மறுபடியும் தட்டினார். பதில் இல்லை. அவர் முகத்தை நான் பார்த்தேன். சாவியைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

அப்போது மறுபுறத்திலிருந்து கம்பியில் இடி விழுந்தாற்போல் இரண்டு அடி விழுந்தது. புதுப்பூச்சு பொலபொலவென உதிர்ந்தது.

“கேக்குது மே, கேக்குது! செவுடன்னு நெனச்சிக்கினியா? செருப்பக்கூட மாட்ட வுடமாட்டியா? ரயிலு பூடும், கெளம்பு!”

செல்வி என் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களா சார். ரெண்டு வருசம் கழிச்சி வாயத் தொறக்கறாரு. அதுவும் திட்டிக்கினே.” பிறகு சுவரை நோக்கிக் குரலை உயர்த்தினார். “மாமா! கதவுக்குத் தாப்பாள் போட்டுக்காதே!”

பிறகு டக், டக்.

செல்வி கதவைப் பூட்டினார். நாங்கள் நிலையத்துக்கு நடந்தோம்.

நண்பர்களே, பொதுச்சுவர் எல்லார்க்கும் உகந்தது என்று நான் சொல்லவில்லை. அதற்குப்பின் கட்டிய வீடுகள் எல்லாவற்றுக்கும் விதிப்படி தனித்தனிச் சுவர்களே வைத்தேன். ஆனால் எந்தச் சுவரையும் இடிக்குமுன், அதன் அருகே சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுத்தான் இடித்தேன். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். ஆள்கள் காத்திருந்தால் தேநீர் குடிக்க அனுப்புங்கள்.

கம்பியைச் சுற்றியுள்ள வெடிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை ஒருமுறை வெங்கடேஷ் பூசினார். மறுநாள் காலையே மீண்டும் வெடித்துவிட்டது. இனிமேல் அதைப் பூசவேண்டாம். உங்கள் அடுத்த பார்வையின்போது அந்த வெடிப்பு சற்றே பெரிதாகியிருந்தால், வீடு நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். புதிதாக உதிர்ந்த பூச்சுத்தூள் தரையில் இல்லாவிட்டால் மட்டும், வேறு எதையும் பார்க்காமல், உடனே பக்கத்து வீட்டுக் கதவைத் தள்ளிப் பாருங்கள். தாப்பாள் போட்டிருக்காது.